முப்பத்தெட்டு அங்குலம்

மார்ச் 3

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நாம் முதன்முதலில் சந்தித்த அன்று நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். மற்றவர்கள் எல்லாம் வேலை, வீடு, படிப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் என்னை ஓரமாக அழைத்து, "வாத்தியாரே, உங்க பொண்ணுக்குக் கோபம் வந்தா எத்தனை நாள்ல தணியும்?" என்றீர்கள். நான் யோசிக்காமல் "மூணு நாள்" என்றேன். "எங்க பையனுக்கு ஒரு வாரம். சராசரி அஞ்சு நாள். சமாளிச்சுடலாம்" என்று என் தோளில் தட்டினீர்கள். முப்பத்துநான்கு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ஒரு கணக்கில் இப்படிக் கோட்டை விட்டிருக்கிறேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்து பதினோரு மாதம் ஆகிறது.

போனில் பேசலாம் என்றால் இரும்பு கடையும் லேத்து மெஷின் உங்கள் காதை வாங்கிக்கொண்டுவிட்டது. நான் "நலமா" என்று கேட்டால் நீங்கள் "நாளைக்கா?" என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். சம்பந்தி என்று எழுதுவது இன்னும் சரிதானா என்றும் தெரியவில்லை. கை அப்படித்தான் எழுதுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மகளின் சாமான்களை உங்கள் மகன் வண்டியில் ஏற்றி அனுப்பினாரே, அதோடு பழைய போர்வையில் சுற்றிய இரும்புக் குழாய்களும் வந்தன. பிரித்துப் பார்த்தால் சைக்கிள். சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வகை. உங்கள் மகன் தன் கையாலேயே செய்தது என்று மட்டும் தெரியும். மகள் அதைப் பார்த்ததும், "மொட்டைமாடியில போட்டுடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். தவறி ஏற்றிவிட்டார்களோ? திருப்பி அனுப்பவா?

இடையில் எனக்கு ஒரு தலைச்சுற்றல். காதுக்குள் இருக்கிற சமநிலை கெட்டுவிட்டதாம். டாக்டர் அம்மா, "நடக்கப் போனா விழுவீங்க சார். சாஞ்சு உக்காந்து சைக்கிள் மிதிங்க, வீட்டுக்குள்ளயே" என்றார். எனக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்தது. நீங்கள் சரி என்றால் அதை வீட்டுக்குள் ஓட்டும்படி பூட்டிக்கொள்ளலாமா? எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

அன்புடன்,
வாத்தியார்

மார்ச் 9

வாத்தியார் சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. என் கடிதத்தைச் சிவப்பு மைப் பேனாவைத் தூர வைத்துவிட்டுப் படிக்கவும்.

அந்த சைக்கிளை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள் என்று அல்லவா நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்! எங்கள் வீட்டம்மாகூட, "வாத்தியாருக்கு எதுக்குங்க அந்தக் கருமம்?" என்று கேட்டாள். மகனிடம் கேட்டேன். "அங்கதான் இருக்கணும்" என்றான். அதற்கு மேல் பேச்சில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். லிஃப்ட்டாவது மாடிக்கு மாடி மணி அடிக்கும்.

தாராளமாகப் பூட்டுங்கள். போர்வையில் மூன்று கால் வைத்த இரும்புத் தாங்கி ஒன்று இருக்கும். பின்சக்கரத்தின் அச்சை அதன் இரண்டு கிண்ணத்துக்கு நடுவில் வைத்து முறுக்கினால் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். பின்னால் ஒரு உருளை வந்து டயரை அழுத்தும். அதுதான் சாலை. டயரில் காற்று கல்லு மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். முன்சக்கரத்துக்கு அடியில் தாங்கியின் உயரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் பள்ளத்தில் இறங்குகிற மாதிரியே இருக்கும். இடது மிதிகட்டைக்கு மரை தலைகீழ். மற்றவை இறுகும் பக்கம் அது கழலும். எங்கள் பட்டறையில் இதற்கு "மாமியார் மரை" என்று பெயர். உங்கள் வீட்டில் சொல்ல வேண்டாம்.

குழாய் கடைந்து கொடுத்தது மட்டும்தான் நான். மீதி எல்லாம் அவன் எட்டு மாதம் சாயங்காலம் சாயங்காலமாகப் பட்டறையில் உட்கார்ந்து செய்தது.

இப்படிக்கு,
லேத்துக்காரன்

மார்ச் 15

அன்புள்ள சம்பந்திக்கு,

மூன்று கால் தாங்கி கிடைத்தது. என் மனைவி அதன்மேல் துணிக்கூடையை வைத்திருந்தாள். "ஸ்டூல் நல்லா உறுதியா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்" என்கிறாள்.

முன்னறையில் ஜன்னலை ஒட்டிப் பூட்டினேன். அடியில் பழைய பாய். முன்சக்கரத்துக்குக் கட்டை கிடைக்காமல் இரண்டு அகராதிகளை வைத்தேன். உயரம் அச்சாகப் பொருந்தியது. மாமியார் மரையில் நானும் மாட்டினேன். கால் மணி நேரம் எல்லாப் பலத்தையும் போட்டு இறுக்குவதாக நினைத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். மிதிகட்டைகள் இருக்கும் முன்குழாய் உருண்டை என்பதால் அது கொஞ்சம் திரும்பிவிட்டது. ஒரு மிதிகட்டை வானத்தையும் இன்னொன்று பக்கத்து வீட்டையும் பார்த்தது. நூல் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினேன்.

எல்லாம் முடிந்து, ஏறி உட்கார்ந்தேன். மிதிக்க முடியவில்லை, சம்பந்தி! முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. கடைசி பெஞ்சில் வளர்ந்த பையனை முதல் வகுப்பு நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மிதிகட்டை இருக்கும் முன்குழாய் பெரிய குழாய்க்குள் நுழைந்திருக்கிறதே, அதை வெளியே இழுக்கலாம் என்று இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். இழுத்தால் சங்கிலி விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு விரல்கூட வரவில்லை.

நான் உயரம்தான். ஆனால் உங்கள் மகன் என்னைவிட உயரம் ஆயிற்றே! அவர் எப்படி இதை ஓட்டினார்? நான் ஏதோ தலைகீழாகப் பூட்டிவிட்டேனா? ஒன்றும் புரியவில்லை.

அன்புடன்,
வாத்தியார்

மார்ச் 20

வாத்தியார் சம்பந்திக்கு,

நீங்கள் எங்கோ தப்பாகப் பூட்டியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்கு வேறு, கைவேலை வேறு.

அவனுக்காகத்தான் அவன் செய்தான். வேறு யாருக்குச் செய்வான்? என் மகன் ஆறடி. முதுகுச் சாய்மானத்திலிருந்து மிதிகட்டை வரை அவனுக்கு நாற்பத்துநாலு அங்குலமாவது வேண்டும். முன்குழாயை ஒரு அங்குலம் இழுத்தால் சங்கிலி இரண்டு அங்குலம் வேண்டும். போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று. கியர் இல்லாத சைக்கிள், தொங்கினால் கழன்று விழும். அதனால் ஆளுக்குத் தகுந்த மாதிரி அளந்துதான் சங்கிலியை வெட்டுவார்கள். நடுவில் இரண்டு கப்பி இருக்கிறது அல்லவா, சங்கிலி அதன் மேலே போகிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா, பாருங்கள். சுற்றியிருந்தால் நீளம் குறையும்.

அதையும் பார்த்துவிட்டு, சாய்மானத்தின் அடியிலிருந்து, மிதிகட்டை மிகத் தூரத்தில் இருக்கும்போது அது வரைக்கும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டு ரிப்பேர் பண்ணுவது எனக்குப் பழக்கமில்லை. அந்தக் காதும் இல்லை.

லேத்துக்காரன்

மார்ச் 26

அன்புள்ள சம்பந்திக்கு,

சங்கிலி கப்பியைச் சுற்றவில்லை. மேலே நேராகப் போகிறது. மூன்று முறை அளந்தேன். என் மனைவி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு அங்குலம். மூன்று முறையும் முப்பத்தெட்டுதான்.

இதில் குழப்பம் என்னவென்றால், உங்கள் கணக்கும் சரி, என் அளவும் சரி. இரண்டும் சரியாக இருந்துகொண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால், நாம் எடுத்துக்கொண்ட ஏதோ ஒன்று தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். எதை எடுத்துக்கொண்டோம்? இது உங்கள் மகனுக்கு என்று எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் உண்டு. சாலையில் ஓட்டச் செய்தவர் வீட்டுக்குள் ஓட்டும் தாங்கியையும் ஏன் கூடவே செய்ய வேண்டும்? அதுவும் அதே பச்சை வண்ணத்தில்?

எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. எழுதப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் வருகிறதா?

வாத்தியார்

ஏப்ரல் 1

சம்பந்தி,

வருகிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

அவன் குழாய் கடையக் கொடுத்தபோது ஒரு துண்டுச் சீட்டில் அளவு எழுதிக் கொடுத்தான். "குட்டையா இருக்கேடா" என்று கேட்டேன். "சொன்னத செய்ங்கப்பா" என்றான். சீட்டுகளைச் சின்ன ஆணியில் குத்தி வைக்கிற பழக்கம் எனக்கு. நேற்றுப் பட்டறையில் ஆணியைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. நுனியில் 38 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான்.

உங்கள் பெண்ணுக்கு அந்தச் சமயம் முதுகு வலி இருந்தது அல்லவா? நாள் முழுக்கப் பரிசோதனைக்கூடத்தில் நின்றுகொண்டே வேலை. எங்கள் வீட்டம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறது. சாய்ந்துகொண்டு மிதித்தால் முதுகுக்கு நல்லது என்று யாரோ இவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முட்டாள் பயல், வாயைத் திறந்து சொல்லவே இல்லை. உங்கள் பெண் "சாயங்காலம் வீட்டுக்கு வர்றதே இல்லை" என்று அழுதபோதுகூடச் சொல்லவில்லை. முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்திருப்பான். முடிப்பதற்குள் அது பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

எப்படியாவது பெண்ணின் கால் அளவை எடுத்து எழுதுங்கள். நாம் நினைப்பது சரி என்றால் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தீர்ப்பு என்ன தீர்ப்பு, காகிதம்தானே.

லேத்துக்காரன்

ஏப்ரல் 7

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்களுக்கு என்ன, எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். முப்பத்துநான்கு வயதுப் பெண்ணிடம் போய், "அம்மா, சுவரில் சாய்ந்து காலை நீட்டு, அளக்கணும்" என்று எப்படிச் சொல்வது? காரணம் கேட்பாளே!

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நேற்று அவள் வேலைக்குப் போனதும், கொடியில் காய்ந்த அவளுடைய பேன்ட்டை எடுத்து, பழைய மர அடிக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். என் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"அளக்கறேன்."

"அது தெரியுது. ரிட்டயர் ஆகி தையக்கடை வைக்கப் போறீங்களா?"

"இல்ல, ஒரு கணக்கு."

"பேன்ட்டுல என்ன கணக்கு? டாக்டர்கிட்ட மறுபடியும் போகலாம், வாங்க."

வேறு வழியில்லாமல் அவளிடம் எல்லாம் சொன்னேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் கையிலிருந்து அடிக்கோலைப் பிடுங்கி, "உங்களுக்கு இடுப்புப் பட்டி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்று தானே அளந்தாள். முப்பத்தேழரை. செருப்புக்கு அரை அங்குலம். கூட்டிக்கொள்ளுங்கள்.

சம்பந்தி, நான் விடைத்தாளில் முழு மதிப்பெண் போடும்முன் இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பேன். அப்படிக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு வருடமாக என் மனதில் உங்கள் மகனைப் பற்றி ஒரு கசப்பு இருந்தது. உங்களிடம் காட்டிக்கொண்டதில்லை. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவரே வந்து சொன்னால்தான் அழகு. சங்கிலி சரிசெய்யும் சாக்கில் நீங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவளுக்கு அன்று விடுமுறை. நானும் என் மனைவியும் ஏதாவது காரணம் சொல்லி வெளியே போய்விடுகிறோம்.

வாத்தியார்

ஏப்ரல் 11

சம்பந்தி,

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு. பஸ்ஸில் இரண்டு இடம் பிடித்தாயிற்று. மகனிடம், "வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை, சைக்கிளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வரலாம்" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் போய்ச் சங்கிலி கழற்றும் கருவியை எண்ணெய் போட்டுத் துடைத்தான். இன்று காலை முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டம்மா சமையலறையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

முன்சக்கரத்துக்கு நல்ல கட்டை ஒன்று கடைந்து வைத்திருக்கிறேன். அகராதியை எடுத்து அலமாரியில் வையுங்கள்.

லேத்துக்காரன்

ஏப்ரல் 16

அன்புள்ள சம்பந்திக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். வர வேண்டாம். மகனை அழைத்துக்கொண்டு வர வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தாள். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றாள். "இந்தப் பேன்ட்டுல சிவப்புப் பேனாவால கோடு போட்டது யாரு?" என்றாள். அளந்த இடத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன், சம்பந்தி. பழக்க தோஷம். என் தொழில் இப்படி என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை.

சொல்லிவிட்டேன். சீட்டு, சங்கிலி, முப்பத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ், எல்லாவற்றையும் வரிசையாக, கரும்பலகையில் நிரூபிப்பதுபோல் சொன்னேன். "அது உனக்காகச் செஞ்சதும்மா" என்று முடித்தேன்.

"தெரியும்பா" என்றாள்.

"தெரியுமா?"

"ஆரம்பத்துலயே தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கிட்டிருந்தேன். டேப்பு காலுல ஜில்லுன்னு பட்டுச்சு. முழிச்சுட்டேன். கண்ணைத் திறக்கல."

"ஏம்மா?"

"அவன் சொல்லுவான்னு பாத்தேன். முதுகு வலிக்குதுன்னு சொன்னப்ப நான் சைக்கிள் கேக்கலப்பா. சாயங்காலம் கொஞ்சம் பக்கத்துல உக்காருன்னு கேட்டேன். அவன் எட்டு மாசம் பட்டறைக்குப் போனான். எனக்காகத்தான் போனான். எனக்காகவே என்னைத் தனியா விட்டுட்டுப் போனான். இத நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா எனக்குத்தான் கொழுப்புன்னு சொல்லுவாங்க."

"நல்ல பையன்தானேம்மா" என்றேன்.

"நல்லவன்தான். நல்லவன்கிறதுக்காகத் திரும்பிப் போக முடியாதுப்பா." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் அதையேதான் பண்ணியிருக்கீங்க. என் பேன்ட்ட அளந்தீங்க. பஸ்ஸுல ஆள வரவழைக்கறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சரியாகப் போட்ட கணக்கு, கேள்வியே வேறு என்று தெரிந்தால் எத்தனை மதிப்பெண்? பூஜ்யம்தான். பிள்ளைகளுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன், இரக்கமில்லாமல்.

கடைசியில், உங்களுக்கு இனியும் எழுதலாமா என்று கேட்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "அவருக்கு எழுதுங்க. அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. என்னப் பத்தி மட்டும் எழுதாதீங்க" என்றாள். இதுதான் அவளைப் பற்றி நான் எழுதும் கடைசிக் கடிதம். சம்மதம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முடிவெட்டிக்கொண்ட அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று நினைத்தால் பேனா ஓடவில்லை. மன்னித்துவிடுங்கள்.

வாத்தியார்

ஏப்ரல் 23

ஐயா,

கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பட்டறையில் வைத்து மகனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். "அன்னைக்கு முழிச்சிருந்தாளா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. கருவியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

எனக்கு உங்கள் அளவு படிப்பு இல்லை. இதையெல்லாம் யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது. ஒருத்தனுக்குப் பேச வராது, கைதான் வரும் என்றால் அது குற்றமா? என் வீட்டில் நானும் அப்படித்தான். எங்கள் வீட்டம்மா முப்பத்தெட்டு வருடமாக என்னோடு இருக்கவில்லையா? இதை அவளிடம் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

உங்கள் பெண் இனிமேல் ஒருநாளும் மனம் மாறாதா? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு நமக்குள் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது? சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள், இல்லை பழைய இரும்புக்குப் போடுங்கள். நான் இனி எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
லேத்துக்காரன்

மே 14

அன்புள்ள சம்பந்திக்கு,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படித் தொடங்கினாலும் நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியில்தான் போய் நிற்கிறது. கொடுத்த வாக்கை மீறக்கூடாது. ஆகவே அதற்கு விடை எழுதமாட்டேன். எழுதாமல் விடுவதற்கு நீங்களாகவே ஒரு அர்த்தம் செய்துகொள்ளவும் வேண்டாம். வாத்தியார் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பதை முதல்முறையாகப் பார்க்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்குள் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லலாம். நானும் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைகளை எடுத்துவிட்டால் நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவர்கள்தானே என்று. ஆனால் நேற்று மாலை ஒன்று நடந்தது. உடனே அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வேறு யாரிடமும் அல்ல. அதைச் சொல்கிறேன்.

சைக்கிள் கடைக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பச்சைக் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சார், சர்க்கஸுக்கா?" என்றார். பிறகு தட்டிப் பார்த்து, பற்றவைத்த இடத்தை விரலால் தடவி, "யாரு செஞ்சது? கை நல்ல கை" என்றார். ஐந்து அங்குலம் இழுத்தோம், சங்கிலியில் பத்து அங்குலம் சேர்த்தார். நீங்கள் சொன்ன கணக்கு இம்மி பிசகவில்லை. அவர் என்னிடம் கணக்கு சொல்ல வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். அசந்துபோனார்.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். ஒன்பது நிமிடம். வீடு நின்ற இடத்தில் நின்றது, சம்பந்தி. தலை சுற்றவில்லை. உருளையும் டயரும் சேர்ந்து ஒரு சத்தம் போடுகிறது, தூரத்தில் மழை வருகிற மாதிரி. எங்கேயும் போகாமல் மூச்சு வாங்குகிறது. நான் எதையோ நோக்கிப் போகிறேனா, நின்றுகொண்டிருக்கிறேனா என்று குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கத் தோன்றவில்லை. பாதிவழியில் வியர்த்துக் கொட்டியபோது, இந்த வீட்டில் யாரோ ஒருவர் மின்விசிறியைத் தூக்கிவந்து என் காலுக்கு நேராக வைத்துவிட்டுப் போனார். யார் என்று எழுதமாட்டேன்.

ஒரு சந்தேகம். ஐந்தாவது நிமிடத்தில் வலது கால் விரல்கள் மரத்துப்போயின. செருப்பு இறுக்கமா, மிதிகட்டை உயரமா? கடைக்காரர் "போகப் போக சரியாயிடும் சார்" என்கிறார். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் மெஷின் முன்னால் நின்ற கால் உங்களுடையது. போன வருடம் எங்கள் வீட்டுப் படியேறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்ததை நான் பார்த்தேன். எல்லோர் முழங்காலுக்கும் வழி சொல்கிறீர்கள், உங்கள் முழங்காலுக்கு என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கு சைக்கிள் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் எதையும் செய்து அனுப்பவும் மாட்டேன்.

நான் இனி தினமும் காலை ஆறு மணிக்கு மிதிக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு எந்த நாள் கிடைத்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன், மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கி, காற்றில் மெதுவாக ஐம்பது முறை மிதித்துப் பாருங்கள்.

அன்புடன்,
வாத்தியார்